கம்பெனி பெயரைச் சொல்லாமல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்கிறேன். ஏழு மாதத்துக்கு முன் ஒரு நெட்வொர்க் மார்க்கெட்டிங் கம்பெனியில் சேர்ந்தேன். பொருட்கள் தரமானவை, நானே பயன்படுத்துகிறேன். ஆனால் கம்பெனி பெயரைப் போனில் சொல்லக்கூடாது, நேரில் வரவழைத்துத்தான் பிளான் காட்ட வேண்டும் என்கிறார் என்னைச் சேர்த்துவிட்ட அப்லைன். உண்மையைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரும் வருவதில்லை. வரும் சனிக்கிழமை மீட்டிங்குக்கு என் மாமா பையனை ‘ஒரு வேலை விஷயம்’ என்று சொல்லி வரச்சொல்லியிருக்கிறேன். ஷிப்ட்டை விட்டுவிட்டு வருகிறான். முதலில் கொஞ்சம் மறைத்து, பிறகு எல்லாவற்றையும் விளக்கிவிட்டால் அது ஏமாற்றா?

ச., திருப்பூர்

அன்புள்ள ச.,

பொருளின் தரத்தை விட்டுவிடுவோம். சோப்பு நல்ல சோப்பாகவே இருக்கட்டும். நல்ல சோப்பை விற்பதற்கு மாமா பையனிடம் வேலை விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

‘உண்மையைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரும் வருவதில்லை.’ இந்த வரியை இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அவர்கள் உங்களுக்குப் பதில் சொல்லிவிட்டார்கள் ஐயா. வேண்டாம் என்றார்கள். அந்தப் பதில் பிடிக்காததால் கேள்வியை மாற்றிக் கேட்கிறீர்கள்.

2004 என்று நினைக்கிறேன். கல்லூரியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன் ஒன்பது வருடம் கழித்துப் போன் செய்தான். “உன்னைப் பார்க்கணும்டா, நேர்ல வா, போன்ல சொல்ல முடியாது.” ஏதோ கஷ்டத்தில் இருக்கிறான் என்று எனக்குப் பட்டது. மாசக் கடைசி. பக்கத்து வீட்டில் மூவாயிரம் கைமாத்து வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஈரோட்டுக்குப் பஸ் ஏறினேன். அவன் வீட்டு ஹாலில் ஒரு வெள்ளைப் பலகை, டை கட்டிய ஒருவர், என்னைப்போலவே வரவழைக்கப்பட்ட நாலு பேர். யார் கீழே யாரைச் சேர்க்க வேண்டும் என்று ஒன்றரை மணி நேரம் வட்டம் வட்டமாகப் போட்டுக் காட்டினார்கள். அவன் அம்மா காபி கொண்டுவந்து வைத்தார். அவர் கட்டிக்கொடுத்த புளிசாதத்தை எத்தனையோ திங்கட்கிழமை தின்றிருக்கிறேன். அன்றைக்கு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

என் நண்பன் அன்று எதையும் மறைக்கவில்லை. விலை, கமிஷன், எல்லாம் விளக்கினான். ஆனால் நான் கேட்டுக்கொண்டிருந்தது சட்டைப்பையில் கடன் பணத்தை வைத்துக்கொண்டு. நீங்கள் கேட்ட ‘பிறகு சொன்னால்’ இப்படித்தான் இருக்கும்.

அப்புறம் அவன் எண் வந்தால் நான் எடுப்பதில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு காலையில் மூன்று முறை அடித்தான். எடுக்கவில்லை. அம்மா இறந்துவிட்டார் என்று சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறான். பதினைந்து நாள் கழித்து வேறொருவர் சொல்லித் தெரிந்தது. இதில் என் தப்பும் உண்டு. இன்றும் அது என்னை விடவில்லை.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. 2021 டிசம்பரில் மத்திய அரசு அறிவித்த நேரடி விற்பனை விதிகளின்படி, பேச்சைத் தொடங்கும்போதே, எதிராளி கேட்காமலே, நீங்கள் யார், எந்த நிறுவனம், என்ன பொருள், எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று உண்மையாகச் சொல்லியாக வேண்டும். உங்கள் அப்லைன் சொல்லிக்கொடுப்பது அதற்கு நேர் எதிரானது. அவரிடம் இதைக் கேளுங்கள்.

அந்த வட்டங்களையும் ஒருமுறை நீங்களே கூட்டிப் பாருங்கள். நீங்கள் ஆறு பேரைச் சேர்க்க, அவர்கள் ஆளுக்கு ஆறு பேரைச் சேர்க்க என்று பத்து அடுக்கு போனால் ஏழேகால் கோடி பேர் வேண்டும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்த ஜனத்தொகையே 7.21 கோடிதான், கைக்குழந்தை உட்பட. கடைசி அடுக்கில் இருப்பவன் யாரைச் சேர்ப்பான்? பலகைக்கு முன்னால் உட்கார வைக்கப்படுகிறவனிடம் இதையும் யாராவது சொல்ல வேண்டுமே.

இன்னொன்று. ஏழு மாதம் என்று எழுதினீர்கள். எவ்வளவு கட்டினீர்கள், எவ்வளவு கைக்கு வந்தது என்று எழுதவில்லை. முகம் தெரியாத என்னிடமே சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பெட்ரோல் செலவு, மீட்டிங் டிக்கெட், மாதாமாதம் வாங்கித் தீர வேண்டிய பொருள், எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். உங்களைத் திட்ட வேண்டும் என்று எனக்கு ஆசையில்லை. நாள் முழுக்க நின்று துணி பார்க்கிறவர் கூடுதலாக நாலு காசு வேண்டும் என்று நினைப்பதில் என்ன தப்பு இருக்கிறது?

இன்று ராத்திரியே அந்தப் பையனைக் கூப்பிடுங்கள். கம்பெனி பெயரைச் சொல்லுங்கள். கட்டியது இவ்வளவு, வந்தது இவ்வளவு என்று நோட்டைப் பார்த்துப் படியுங்கள். அதற்குப் பிறகும் வருகிறேன் என்றால் வரட்டும். இல்லையென்றால் ஷிப்ட்டுக்குப் போகட்டும். சனிக்கிழமை சம்பள நாள்.