இணைச் சொற்களை ஒன்றாக மனப்பாடம் செய்யாதீர்கள்

வணக்கம். வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. நுழைவுத் தேர்வுக்குப் படிக்கையில் 'ப்ரிஸ்க்ரைப் - ப்ரோஸ்க்ரைப்', 'வீனல் - வீனியல்' ஆகிய, ஒலியில் ஒத்த ஆங்கிலச் சொல் இணைகளின் பொருள் ஒவ்வொரு மாதிரித் தேர்விலும் இடம் மாறிவிடுவதாக எழுதியிருந்தீர்கள். இரண்டையும் ஒரே அட்டையில் எழுதிப் படிப்பதுதான் சிக்கலை வளர்க்கிறது என்பது என் கருத்து. ஒன்றை முழுமையாகப் பழகிய பின்னரே, சில நாள் இடைவெளி விட்டு, மற்றதைத் தொடுங்கள்.

வேர்ச்சொல்லுக்குப் பின்னால் ஒரு காட்சி இருந்தால் சொல் எளிதில் நழுவாது. கி.மு. 82இல் ரோமாபுரியைக் கைப்பற்றிய ரோமானியப் படைத்தலைவன் சுல்லா, தன் பகைவர்களின் பெயர்களை எழுதிப் பொது இடத்தில் அறிவித்தான். அப்பட்டியலில் இருந்தவரை எவரும் கொல்லலாம், அவர் சொத்து பறிமுதலாகும். 'ப்ரோஸ்க்ரைப்' என்ற சொல்லுக்குத் தடை செய்தல், சட்டத்துக்குப் புறம்பாக்குதல் என்னும் பொருள்கள் அமைந்தது இந்த வழியில்தான். மருத்துவர் மருந்து எழுதித் தரும் 'ப்ரிஸ்க்ரைப்' நமக்கு அன்றாடம் பழகியது. அதற்கு அட்டையே வேண்டாம்.

'வீனல்' விற்பனையைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்ததால், கையூட்டுக்கு விலைபோகிறவரைச் சுட்டும். 'வீனியல்' மன்னிப்பைக் குறிக்கும் வேரினது; பொறுத்துக்கொள்ளத்தக்க சிறு பிழை.

'எனர்வேட்' என்பதிலும் கவனமாயிருங்கள். 'எனர்ஜி' போல ஒலித்தாலும், நரம்பை உருவிவிட்டாற்போல் வலுவிழக்கச் செய்தல் என்பதே அதன் பொருள். நானே இதில் இருமுறை ஏமாந்தேன். ஆறு விடைகளில் இரண்டைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களில் ஒன்று தவறினாலும் மதிப்பெண் கிடைக்காது என்பதால், ஒலியை நம்பி விடையளிக்காதீர்கள்.