அந்த மண்ணெண்ணெய் விளக்கு

ஐயா, தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்பை வறுமை கெடுக்கிறது என்று போன வாரம் எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. நம் காலத்தில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்து மேலே வரவில்லையா? இன்றைக்குப் பாடநூல் இரவல், பள்ளியில் சாப்பாடு, ஆண்டுத் தொடக்கத்தில் 150 ரிங்கிட் வேறு. பெற்றோருக்கு அக்கறை இல்லை, அதுதான் காரணம்.
- ஓய்வுபெற்ற ஆசிரியர், சுங்கை சிப்புட்

அன்புள்ள ஐயா,

அந்த விளக்கு ரப்பர் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டிலும் (தொழிலாளர்களின் வரிசை வீடு) இருந்தது. அதனடியில் உட்கார்ந்து படித்தவன் நான் ஒருவன்தான். அக்கா ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டாள். விடியும் முன்னே அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டக் கிளம்ப, பால் வடியும் மங்கைத் துடைக்கவும் மரத்தில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலைப் பிடுங்கவும் இவள் பின்னாலேயே போவாள். ராத்திரி நான் புத்தகத்தை விரித்தால் எதிரே உட்கார்ந்து நகக்கண்ணில் காய்ந்து போன பாலை ஊசியால் நோண்டிக்கொண்டிருப்பாள், நான் கணக்கில் தடுமாறினால் புத்தகத்தைத் தலைகீழாகப் பார்த்தே விடையைச் சொல்லிவிடுவாள். என்னைவிட அவள்தான் கெட்டி. ஆனால் விளக்குக் கதையை எழுதுவது நானும் நீங்களும்தானே, அவள் இல்லையே.

1912-இல் மலாயாவில் வந்த தொழிலாளர் சட்டம், பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. சட்டத்துக்காக ஒரு கொட்டகை, பாடம் சொல்ல பல இடங்களில் ஆட்களை மேய்க்கும் கங்காணி அல்லது கணக்கு எழுதும் கிராணி. அடுத்த தலைமுறைக்கும் பால்வெட்டு ஆள் வேண்டும் என்று நினைத்த தோட்ட நிர்வாகி தொரைக்கு அது போதும்.

சரி, இன்றைக்கு வருவோம். நீங்கள் சொன்ன உதவிகள் உண்மைதான். ஆனால் இங்கே பத்தாங் பெர்ஜுந்தையில் (2007-இலிருந்து பெஸ்தாரி ஜெயா, எங்கள் வாயில் இன்னும் பத்தாங்தான்) பக்கத்து வீட்டுப் பையனைப் பாருங்கள். அப்பா செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை வெட்டுகிறார், அம்மாவுக்குத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. சனி ஞாயிறு இவன் அப்பாவோடு உதிரிப் பழம் பொறுக்கப் போகிறான். 2020-இல் பள்ளிகளை மூடியபோது மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே கைப்பேசி, அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். தமிழ்ப்பள்ளி முடித்தவனுக்கு மலாய் போதவில்லை என்று, இடைநிலைப் பள்ளியில் முதல் படிவத்துக்கு முன் வரும் புகுமுக வகுப்பில் போட்டார்கள். உங்களுக்கும் எனக்கும் அது ஓர் ஆண்டு மொழிப் பயிற்சி. அந்த வீட்டில் அது இன்னொரு வருட வேன் காசு, சம்பளம் வர இன்னும் ஒரு வருடம்.

அக்கறை என்றீர்களே, அந்த அம்மா ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்ததும் படுப்பதில்லை, பசியாற ஏதாவது செய்து கொடுத்து, அவன் நீட்டுகிற மலாய்க் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலேயே கையெழுத்துப் போட்டு, வேன் ஏற்றிவிட்டுத்தான் படுக்கிறார்.

உங்கள் கடிதத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டு, "வெளக்குக்கு எண்ணெ வாங்குனது யாருன்னு கேட்டு எழுதுடா" என்றாள். கேட்டுவிட்டேன்.