ஹோஸ்டிங் மாற்றிய பிறகு மெயில் ஸ்பேமுக்குப் போகிறதா? எஸ்பிஎஃப் வரியைப் பாருங்கள்

வணக்கம். தாராவியில் உள்ள உங்கள் தோல் பைக் கடைக்கு ஹோஸ்டிங் (வெப்சைட்டையும் மெயிலையும் வைத்திருக்கும் சர்வர் சேவை) மாற்றியதிலிருந்து, அனுப்பும் பில்கள் எல்லாம் வாடிக்கையாளர்களின் ஜிமெயிலில் ஸ்பேமுக்குள் விழுவதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் போட்டிருக்கும் டிஎன்எஸ் பட்டியலிலேயே (உங்கள் டொமைன் பெயருக்கான அமைப்பு வரிகள்) காரணம் தெரிகிறது. எஸ்பிஎஃப் வரி, அதாவது உங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வருக்கு அனுமதி என்று சொல்லும் வரி, இரண்டு இருக்கிறது, பழைய ஹோஸ்டிங் கம்பெனியுடையது ஒன்று, புதியது ஒன்று. ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால், மெயிலைப் பெறும் சர்வர் எதையும் எடுத்துக்கொள்ளாமல் பிழை என்று முடிவு செய்துவிடும். பழையதை நீக்கிவிடுங்கள்.

அப்புறம், சிபேனலில் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பக்கம்) 'ஈமெயில் டெலிவரபிலிட்டி' பக்கத்தில் டிகேஐஎம் (மெயில் உங்களுடையதுதான் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம்) சரியாக இருக்கிறதா பாருங்கள். நேம்சர்வர் (டிஎன்எஸ் வரிகளை வைத்திருக்கும் சர்வர்) வேறு இடத்தில் இருந்தால் டிகேஐஎம் வரியை அங்கே நீங்களே சேர்க்க வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இந்த விஷயத்தில் ரொம்பக் கறார்.

தயவுசெய்து பழைய ஹோஸ்டிங் கணக்கை இப்போதே மூடிவிடாதீர்கள். பழைய ஆர்டர் மெயில்கள் அங்கேதான் இருக்கின்றன, மூடினால் போனது போனதுதான். தண்டர்பேர்டில் (கம்ப்யூட்டரில் மெயில் பார்க்கும் மென்பொருள்) இரண்டு மெயில் கணக்குகளையும் ஐமேப் (சர்வரில் இருக்கும் மெயிலை அங்கேயே வைத்துப் பார்க்கும் முறை) வழியாக, போர்ட் 993 கொடுத்துச் சேர்த்து, ஃபோல்டர் ஃபோல்டராகப் புதியதற்கு நகலெடுங்கள். பழைய கணக்குக்கு சர்வர் பெயராக உங்கள் டொமைன் பெயரைக் கொடுத்தால் அது புது சர்வருக்கே போகும். பழைய கம்பெனி தந்த சர்வர் பெயரைப் போடுங்கள்.