ஸ்கார்பரோவுக்கு வந்திருக்கும் டிபிஏ தம்பிக்கு

தம்பி, கோவையிலிருந்து டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதிக்கு வந்து மூன்று வாரம், சென்னையில் ஏழு வருடம் எஸ்க்யூஎல் சர்வர் என்ற மைக்ரோசாஃப்ட் டேட்டாபேஸுக்கு டிபிஏவாக, அதாவது டேட்டாபேஸ் நிர்வாகியாக இருந்தும் "கனடிய அனுபவம் உண்டா" என்று கேட்டே அனுப்பிவிடுகிறார்கள், புதிதாகச் சான்றிதழ் எழுதட்டுமா, கிடைத்த வேலையில் சேரட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். நான் மதுரைக்காரன், டொராண்டோ வந்து பதினாறு வருடம் ஆகிறது. நானும் முதல் ஆறு மாதம் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கியவன்தான்.

25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் வேலை விளம்பரத்தில் கனடிய அனுபவம் வேண்டும் என்று போடக்கூடாது என ஒன்டாரியோவில் 2026 ஜனவரி 1 முதல் சட்டமே இருக்கிறது. விளம்பரத்தில் போடாவிட்டாலும் மனதில் வைத்திருப்பார்கள், அது வேறு விஷயம். அவர்களுடைய உண்மையான பயம் ஒன்றுதான்: ராத்திரி இரண்டு மணிக்கு இந்த ஆளை நம்பி, நிஜ வேலை ஓடும் ப்ரொடக்‌ஷன் சர்வரை விடலாமா? நாமோ இண்டர்வியூவில் உட்கார்ந்து "நாங்கள் டேட்டாபேஸை வேறு சர்வருக்கு மைக்ரேஷன் செய்தோம், நாங்கள் பேக்கப் பார்த்துக்கொண்டோம்" என்கிறோம். நமக்கு அது அடக்கம், எதிரே இருப்பவருக்கோ இவர் கூட்டத்தில் ஒருவராக நின்றிருக்கிறார் என்றுதான் கேட்கும். நீங்கள் செய்ததை "நான் செய்தேன்" என்று சொல்லுங்கள். எத்தனை ஜிபி டேட்டாபேஸ், பேக்கப்பிலிருந்து மீட்கும் ரீஸ்டோர் முடிய எவ்வளவு நேரம் ஆனது, எங்கே சொதப்பினீர்கள், எல்லாவற்றையும் சொல்லலாம். சொதப்பியதைச் சொன்னால் வேலை போய்விடும் என்று நான் பல வருடம் நினைத்திருந்தேன். அதைச் சொன்ன இண்டர்வியூவில்தான் வேலை கிடைத்தது.

அடுத்து, ஊரில் நாம் யோசிக்கவே தேவையில்லாத ஒன்று: கடிகாரம். மார்ச் இரண்டாம் ஞாயிறு அதிகாலை 2 மணி ஒரேயடியாக 3 ஆகிவிடும், அதாவது அன்றைக்கு 2:30 என்ற நேரமே கிடையாது. நவம்பர் முதல் ஞாயிறு 2 மணி திரும்ப 1 ஆகும், 1:30 இரண்டு முறை வரும். எனக்கு இது தெரியும், வீட்டுக் கடிகாரத்தையெல்லாம் திருப்பியும் வைத்தேன். ஆனால் 15 நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஓடி, டேட்டாபேஸ் மாற்றங்களின் பதிவை நகலெடுக்கவேண்டிய லாக் பேக்கப் ஜாப், அடுத்த ஓட்டம் 2:00 என்று குறித்து வைத்துக்கொண்டு, அந்தத் திரும்பி வந்த ஒரு மணி நேரம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தது. காலையில் பார்த்தவர் மேனேஜர், நான் அல்ல. அன்றிலிருந்து என் கைக்கு வரும் புது சர்வர் எல்லாம் யூடிசியில்தான், அதாவது இப்படி முன்னும் பின்னும் திருப்பாத உலகப் பொது நேரத்தில்தான். பழையதில் முடியாதென்றால், ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவே முக்கியமான ஜாப் எதையும் வைக்காதீர்கள், நவம்பர் அன்றைக்கு அந்த நேரத்தில் ஆள் விழித்திருக்கட்டும். "1:30 நிலைக்கு ரீஸ்டோர் செய்" என்று யாராவது கேட்டால் எந்த 1:30 என்று திருப்பிக் கேளுங்கள், சிரிக்க மாட்டார்கள். மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஜூரில் ஓடும் எஸ்க்யூஎல் டேட்டாபேஸில், இப்போதைய நேரத்தைக் கேட்கும் கெட்டேட் கட்டளை யூடிசி நேரத்தைத்தான் தரும், அதை உள்ளூர் நேரமாக மாற்ற எஸ்க்யூஎல் சர்வர் 2016 பதிப்பில் வந்த அட் டைம் ஸோன் என்ற கட்டளை இருக்கிறது.

தேதி இன்னொரு தலைவலி. 03/04 என்றால் இங்கே ஒருவருக்கு மார்ச், இன்னொருவருக்கு ஏப்ரல். ஏப்ரல் 3ஐ 2024-04-03 என்று ஒழுங்காக எழுதினாலும், கியூபெக் ஆபீஸ்காரர் ஒருவரின் லாகினுக்கு ஃபிரெஞ்சு மொழி இருந்தால், தேதியைச் சேமிக்கும் பழைய டேட்டைம் என்ற தரவு வகை அதை மார்ச் 4 என்று படித்துவிடும். கோடு போடாமல் 20240403 என்று எழுதினால் தொல்லையில்லை. இது தெரிந்த ஆள் என்று காட்டினாலே கனடிய அனுபவம் பாதி வந்துவிட்டது என்பேன்.

பெயர் விஷயமும் சொல்லிவிடுகிறேன். ஆபீஸில் சிலர் உங்கள் அப்பா பெயரைச் சொல்லி உங்களைக் கூப்பிடக்கூடும், பழகிக்கொள்ளுங்கள். இங்கே ஒரு தமிழ்ப் பள்ளியின் மாணவர் பட்டியலைச் சரிசெய்யப் போனபோது தமிழில் உள்ளிட்ட பெயர்கள் எல்லாம் கேள்விக்குறியாக நின்றன. பெயர் இருந்த நெடுவரிசை, தமிழ் எழுத்தைத் தாங்காத வார்கார் வகை; பெயரை உள்ளிடும் கட்டளையில் மேற்கோள் குறிக்கு முன் போடவேண்டிய N என்ற ஆங்கில எழுத்தும் இல்லை. அதைத் தமிழைத் தாங்கும் என்வார்கார் வகையாக்கிப் பெயர்களைத் திரும்ப உள்ளிட்டோம். இரண்டு சனிக்கிழமை போனது, ஆனால் அங்கே பழகிய யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர்தான் எனக்கு முதல் யூசர் குரூப்பை, அதாவது எஸ்க்யூஎல் சர்வர்காரர்கள் கூடிப் பேசும் குழுவைக் காட்டினார்.

அதனால் சொல்கிறேன், ஆன்லைனில் நூறு விண்ணப்பம் போடும் நேரத்தில் பாதியை இந்தக் கூட்டங்களுக்குக் கொடுங்கள். எஸ்க்யூஎல் சாட்டர்டே என்று ஒன்று உண்டு, 2007இல் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் தொடங்கியது, ஒருநாள் முழுக்கப் பாடம், நுழைவு இலவசம். அதை நடத்திவந்த பாஸ் (PASS) என்ற அமைப்பு 2021 ஜனவரியில் மூடப்பட்டது, ஆனால் அந்தப் பெயர் பிழைத்துக்கொண்டது. முதல் முறை போகும்போது ரெஸ்யூமேயை நீட்டாதீர்கள், நான் நீட்டினேன், அசட்டுச் சிரிப்புதான் பதில். அடுத்த முறை காலை ஏழு மணிக்கே போய் நாற்காலி போட்டேன், மாலை வரை இருந்து மடக்கியும் வைத்தேன். நாற்காலி மடக்கும்போது பேச்சு வரும் தம்பி, எங்கே ஆள் தேவை என்பதும் அந்தப் பேச்சில்தான் வரும். தயக்கம் போனதும் பத்து நிமிடம் பேச இடம் கேளுங்கள். உங்கள் ஆங்கிலம் போதும்.

சான்றிதழா? மைக்ரோசாஃப்டின் பழைய எம்சிஎஸ்ஏ சான்றிதழ் 2021 ஜனவரி 31ஓடு முடிந்துவிட்டது, அது கையில் இருந்தால் ரெஸ்யூமேயில் ஒரு வரி, அவ்வளவே. அஜூர் பக்கம் போவதாக இருந்தால் டிபி-300 என்ற மைக்ரோசாஃப்ட் தேர்வை எழுதலாம். அதற்காகக் கடன் வாங்கிப் பயிற்சி வகுப்பில் சேராதீர்கள், எஸ்க்யூஎல் சர்வரின் டெவலப்பர் எடிஷன் இலவசம், லேப்டாப்பில் போட்டு, ஒரு டேட்டாபேஸை வேண்டுமென்றே கெடுத்து, திரும்பக் கொண்டுவந்து பாருங்கள், எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கிடைத்த வேலையில் சேருங்கள், வாடகை காத்திருக்காது. கூட்டத்துக்குப் போகவேண்டும் என்பதால் சனிக்கிழமை ஷிஃப்ட் மட்டும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரெஸ்யூமேயில் போட்டோ, பிறந்த தேதி, கல்யாணம் ஆனதா என்பதையெல்லாம் எடுத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்க்கிறேன்.