ஜனவரியில் குடும்பத்தோடு அந்தமான் போகிறோம். அம்மாவுக்கு வயது 65, இரண்டு பிள்ளைகள். என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும்? ஸ்வெட்டர் தேவைப்படுமா?

பெட்டி கட்டப்போவது நீங்கள்தான், வீட்டுக்காரர் சார்ஜரை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு 'எல்லாம் ரெடியா?' என்று கேட்கப்போகிறார் என்று நானாகவே முடிவு செய்துகொண்டு இதை எழுதுகிறேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்றால் என் சார்பில் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.

நாங்கள் அந்தமான் போனது எல்டிசியில், அதாவது அரசு ஊழியர்களுக்குக் கிடைக்கிற விடுமுறைப் பயணச் சலுகையில். மத்திய அரசு ஊழியர்களுக்கு இது தெரிந்திருக்கும்: சொந்த ஊர் பயணத்துக்குப் பதிலாக அந்தமான் போகலாம், சாதாரணமாக விமானத் தகுதி இல்லாத என்னைப் போன்றவர்களும் சென்னையிலிருந்து விமானத்திலேயே போகலாம். கிளம்புகிறோம் என்று தெரிந்ததும் என் நாத்தனார் ஒரு பட்டியல் அனுப்பினாள். அகலமான தொப்பி, வெள்ளை லினன் சட்டைகள், சூரியன் மறையும்போது போட்டோ எடுக்க ஒரு சிவப்பு கவுன், எல்லோருக்கும் பெரிய டர்க்கி டவல். அவளைக் குறை சொல்லவில்லை. அவர்கள் கல்யாணமான புதிதில் இரண்டு பேராகப் போய்வந்தவர்கள். அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவது வேறு கதை.

முதலில் பெட்டியைப் பற்றி. போர்ட் பிளேயர், ஹேவ்லாக், நீல், திரும்ப போர்ட் பிளேயர் என்பதுதான் எல்லோரும் போகிற வழி. அரசு 2018-ல் ஹேவ்லாக்குக்கு ஸ்வராஜ் தீவு என்றும் நீலுக்கு ஷஹீத் தீவு என்றும், 2024-ல் போர்ட் பிளேயருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்றும் பெயர் மாற்றிவிட்டது. டிக்கெட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் பதற வேண்டாம், ஊர் அதேதான். ஒவ்வொரு தீவுக்கும் படகு மாற வேண்டும். ஒவ்வொரு ஜெட்டியிலும் சாமானைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும், படகின் பலகையில் ஏறி இறங்க வேண்டும். மணலில் சக்கரப் பெட்டி உருளாது. ஒரு கையில் பிள்ளையையும் மறு கையில் அம்மாவையும் பிடித்திருக்கும்போது முதுகில் மாட்டுகிற பைதான் உதவும். ஒரே பெரிய பெட்டியில் எல்லாவற்றையும் அமுக்காமல் ஆளுக்கொரு பையாகப் பிரியுங்கள், பிள்ளைகளும் அவரவர் பையைச் சுமக்கட்டும்.

துணி விஷயத்தில் என் அம்மா சொன்னதுதான் கடைசியில் ஜெயித்தது. நான் அவருக்கு நல்ல காட்டன் புடவைகளாக எடுத்து வைத்தேன். அவர் அவற்றை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு பழைய பூனம் (சிந்தெடிக்) சேலைகளைத் திணித்தார். "ராமேஸ்வரத்துல எத்தன தடவ முங்கியிருக்கேன், எனக்குத் தெரியாதா?" என்றார். அந்தமான் காற்றில் அவ்வளவு ஈரம். முதல் நாள் நனைந்த என் பையனின் ஜீன்ஸ் அடுத்த தீவுக்குப் போகிறவரை காயவில்லை, பிளாஸ்டிக் கவரில் சுற்றி நாறிக்கொண்டே கூட வந்தது. அம்மாவின் பூனம் சேலை ராத்திரி வராந்தாக் கொடியில் போட்டால் காலையில் மடித்து வைக்கிற மாதிரி ஆகிவிடும். டர்க்கி டவலும் ஜீன்ஸ் ஜாதிதான். ஈரோட்டு ஈரிழைத் துண்டு ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். துவட்டலாம், தலையில் கட்டலாம், பிள்ளைகள் உடை மாற்றும்போது மறைத்துப் பிடிக்கலாம், மணலில் விரித்து உட்காரவும் செய்யலாம். தண்ணீரில் இறங்க பிள்ளைகளுக்கு முழுக்கை நைலான் பனியன் வாங்கிவிடுங்கள். முதுகு வெந்துபோகாது, சன்ஸ்கிரீனும் பாதிதான் செலவாகும். சன்ஸ்கிரீன் வாங்கும்போது ஜிங்க் ஆக்சைடு உள்ளதாகப் பாருங்கள். ஆக்சிபென்சோன் கலந்த களிம்புகள் பவளத்தைக் கெடுக்கின்றன என்று ஹவாயில் 2021 முதல் விற்கவே விடுவதில்லை. பவளத்தைப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் போகிறோம்.

அடுத்தது தேங்காய் எண்ணெய். சிரிக்காதீர்கள். ராதாநகர் கடற்கரையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஆசியாவிலேயே சிறந்தது என்று எப்போதோ ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை சொன்னதைச் சொல்வார்கள், 2020-ல் நீலக்கொடிச் சான்று கிடைத்ததைச் சொல்வார்கள். வெயில் தாழ்ந்ததும் மணலிலிருந்து கிளம்புகிற பொடி ஈயைப் பற்றி மூச்சு விட மாட்டார்கள். கண்ணுக்கே சரியாகத் தெரியாது. கடிக்கும்போது வலிக்கவும் வலிக்காது. மறுநாள்தான் தெரியும். அம்மா விடுதிக்காரப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டு, கிளம்புவதற்கு முன்னால் வாசற்படியில் பிள்ளைகளை உட்காரவைத்து, உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றி முழங்காலிலிருந்து தொடங்கி கணுக்கால், குதிகால், விரலிடுக்கு வரை விடாமல் தேய்த்தார். ஈ எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும், தோலுக்குப் போகாது என்பது அந்தப் பெண் சொன்ன காரணம். என் கணவர் பேன்ட்டில் கறை படியும் என்று மறுத்துவிட்டார். மறுநாள் காலை அவர் இரண்டு காலிலும் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது. ஊருக்கு வந்து அலுவலகம் போன பிறகும் மேசைக்கு அடியில் சொறிந்துகொண்டிருந்தார். இது மருத்துவ ஆலோசனை இல்லை, 'ஆதாரம் எங்கே' என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எங்கள் வீட்டில் எண்ணெய் தேய்த்தவர்கள் பாடு எப்படி, தேய்க்காதவர் பாடு எப்படி என்று மட்டும்தான் சொல்கிறேன். கடிபட்ட இடத்தில் தடவ ஒரு காலமைன் பாட்டிலும் இருக்கட்டும்.

படகில் குமட்டல் வரும். பெரிய தனியார் படகில் போர்ட் பிளேயரிலிருந்து ஹேவ்லாக் போக ஒன்றரை, இரண்டு மணி நேரம். கடல் சும்மா இருந்தால் தூங்கிக்கொண்டே போகலாம். கொஞ்சம் அலை இருந்த நாளில் ஊழியர்கள் வரிசை வரிசையாக வந்து கவர் கொடுத்தார்கள், அடுத்த கால் மணியில் பாதிப் பேர் அதைப் பிடித்திருந்தார்கள். குமட்டலைத் தடுக்கிற அவோமின் மாத்திரையைப் படகில் ஏறுவதற்கு முன்னாலேயே போட வேண்டும். குமட்டல் ஆரம்பித்த பிறகு போட்டால் மாத்திரையும் கவருக்குள்தான் போகும். தூக்கம் வரும், அதனால் அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் எவ்வளவு, கொடுக்கலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டே கொடுங்கள்.

அம்மாவின் பிபி, சுகர் மாத்திரைகளைப் பயண நாட்களைவிட ஒரு வாரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கடல் மோசமானால் படகை நிறுத்திவிடுவார்கள். 2016 டிசம்பரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் ஹேவ்லாக்கிலும் நீலிலும் மாட்டிக்கொண்டு, கடற்படைக் கப்பல் வந்து மீட்க வேண்டியிருந்தது. ஜனவரியில் பெரும்பாலும் நல்ல வானிலைதான், பயமுறுத்தவில்லை. ஆனால் மாத்திரை பெரிய பையில் இருக்கக் கூடாது, உங்கள் தோள்பையில் இருக்க வேண்டும். பவர் பேங்க்கும் அங்கேயே. அதை விமானத்தில் செக்-இன் பெட்டியில் போட விடமாட்டார்கள்.

காலுக்கு, பின்னால் வார் உள்ள ரப்பர் சாண்டல். நீல் தீவில் லக்ஷ்மண்பூர் பக்கம் இயற்கைப் பாலம் என்கிற பாறை வளைவைப் பார்க்கத் தண்ணீர் வடிந்த நேரத்தில் செத்த பவளத்தின் மேலும் பாசி பிடித்த பாறையின் மேலும் நடந்துதான் போக வேண்டும். ஹவாய்ச் செருப்பு வழுக்கிவிடும், வெறுங்கால் கிழிந்துவிடும். சின்ன டார்ச் ஒன்று வேண்டும். சூரியன் நம் ஊர் கணக்குக்கு வராது, ஜனவரியில் ஐந்தரைக்கெல்லாம் மறைந்துவிடுகிறது, ஆறு மணிக்கு இருட்டு.

இப்போது அடையாள அட்டை. எல்லோருடைய ஒரிஜினலும், இரண்டு ஜெராக்ஸ் செட்டும். படகுக்கும் கேட்பார்கள், விடுதியிலும் கேட்பார்கள். இதில் எனக்கு ஒரு ஆறாத வயிற்றெரிச்சல் உண்டு, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். நமக்கு இனிஷியல்தான் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. டிக்கெட் போடும் தளங்களுக்கு அது புரியாது. கடைசிப் பெயர் கட்டாயம் என்று சிவப்பில் காட்டும். முன்பதிவு செய்த ஏஜென்ட் என் அம்மாவின் பெயரையே இரண்டு தடவை போட்டுவிட்டார், அதுதான் வழக்கமாம். விமான நிலையத்தில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஊருக்கு வந்து எல்டிசி பில் போட்டபோது கணக்குப் பிரிவில் ஆட்சேபம். ஆதாரில் இனிஷியலோடு ஒரு பெயர், போர்டிங் பாஸில் இரட்டைப் பெயர், இருவரும் ஒருவரே என்பதற்குச் சான்று எங்கே என்று. சார், அந்த அம்மா என்னோடுதான் இருபத்துச் சொச்சம் வருடமாகச் சேர்ந்து இருக்கிறார், என் சர்வீஸ் புத்தகத்திலேயே அவர் பெயர் இருக்கிறது என்றேன். அஃபிடவிட் வேண்டும் என்றார்கள். நோட்டரியிடம் போய், இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒரே ஆள் என்று முத்திரைத்தாளில் எழுதி, அம்மா கையெழுத்துப் போட்டார். "நான் நான்தான்னு எழுதிக் குடுக்கணுமா?" என்று கேட்டுக்கொண்டே போட்டார். வடக்கத்திப் பெயர்களுக்கு ஏற்றபடி படிவம் செய்துவிட்டு, மீதிப் பேரைச் சான்றுக்கு அலையவிடுவது எந்த ஊர் நியாயம்? இதைச் சொன்னால் பிரிவினை பேசுகிறாள் என்பார்கள். சொல்லட்டும். நீங்கள் அரசு ஊழியராக இருந்தால் போர்டிங் பாஸ்கள் ஒன்று விடாமல் ஒரு ஜிப் கவரில் போட்டு வையுங்கள்.

பணமாகவும் கொஞ்சம் இருக்கட்டும். 2020-ல் சென்னையிலிருந்து கடலடி கேபிள் போட்ட பிறகு இணையம் எவ்வளவோ தேவலை. ஆனாலும் கடற்கரையில் இளநீர்க்காரரிடம் போனை நீட்டி, சக்கரம் சுற்றுவதை இருவருமாகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

சாப்பாட்டுக்குப் பருப்புப் பொடி, ஊறுகாய். போர்ட் பிளேயரில் தமிழர்கள் நிறைய, இட்லி தோசைக்குக் கவலையில்லை. ஹேவ்லாக், நீல் இரண்டும் பெரும்பாலும் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் ஊர். மீன் பிடிக்கும் என்றால் கொண்டாட்டம். கடுகெண்ணெய் வாசனை ஒத்துக்கொள்ளாத அம்மாக்கள் இருந்தால் பொடி டப்பா கைகொடுக்கும்.

சிப்பி, பவளத் துண்டு பொறுக்கி வர டப்பா எதுவும் வேண்டாம். பவளம், பல வகைச் சங்குகள் எல்லாம் 1972 வனவிலங்குச் சட்டத்துக்குள் வருகின்றன, விமான நிலையத்தில் பையைத் திறக்கச் சொல்வார்கள். பிள்ளைகளிடம் முன்னாலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள், அங்கே போய்ச் சொன்னால் அழுவார்கள். டிரோன் இருந்தாலும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள், அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது.

கடைசியாகக் கேட்ட ஸ்வெட்டர். வேண்டாம். ஜனவரியிலும் நம் ஊர்ப் புழுக்கம்தான். தனியார் படகில் மட்டும் ஏசியை உறைகிற அளவுக்கு வைத்திருப்பார்கள், அதற்கு அம்மாவுக்கு ஒரு சால்வை போதும். ஸ்வெட்டரை ஊட்டி போகும்போது எடுத்துக்கொள்ளலாம்.