கதவில் ஒட்டிய இரண்டாவது நோட்டீஸ்

கேள்வி: எனக்கு வயது 71, கணவர் இல்லை. கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் ஒரு மொபைல் ஹோம் பார்க்கில் (தொழிற்சாலையில் செய்த வீடுகளை வாடகை இடத்தில் நிறுத்தும் குடியிருப்பில்) 14 ஆண்டுகளாக இருக்கிறேன். வீடு என்னுடையது, நிலம் பார்க்குடையது. நீச்சல் குளத்தை மூடிவிட்டார்கள். மேனேஜர் மரியாதையில்லாமல் பேசுகிறார். இந்த லட்சணத்தில் இடவாடகையை 1,200 டாலரிலிருந்து 1,236 ஆக்கினார்கள். நாங்கள் நான்கு வீட்டார் சேர்ந்து பழைய வாடகையையே அனுப்பி வருகிறோம். போன மாதம் கதவில் நோட்டீஸ் ஒட்டியதும் பயந்து முழுசாகக் கட்டிவிட்டேன். இந்த மாதம் மறுபடியும் பழைய வாடகைக்கே அனுப்பிய செக்கை வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள், நேற்று இரண்டாவது நோட்டீஸ். வழக்குப் போடலாமா?

பதில்: வேண்டாம். குளத்தையும் மேனேஜரையும் தனியே வையுங்கள். வசதி குறைந்ததற்கு நகர வீட்டுவசதித் துறையில் மனுப் போடலாம், அது வேறு கதை. உயர்வைப் பற்றியும் பேச ஒன்றுமில்லை. விலைவாசி ஏறாத ஆண்டிலும் 3 சதவீதம் ஏற்ற சான் ஹோசே அனுமதிக்கிறது. 36 டாலர் என்பது சரியாக அந்த 3 சதவீதம்.

எனக்கு உறுத்துவது அந்த 'இரண்டாவது' என்ற சொல். உங்கள் கதவில் ஒட்டியது, மூன்று நாளுக்குள் பாக்கியைக் கட்டச் சொல்லும் 'மூன்று நாள் நோட்டீஸ்'. 12 மாதத்துக்குள் மூன்று தடவை அதை வாங்கியவர் அடுத்த தடவை தவறினால், பணத்தைக் கட்டித் தப்பிக்கும் வழி கலிபோர்னியா சட்டத்தில் அடைபட்டுவிடும். 60 நாள் நோட்டீஸோடு இடத்தை விட வேண்டியதுதான். முந்தைய மூன்றையும் ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் எண்ணிக்கை எண்ணிக்கைதான்.

என்னிடம் வந்த ஒரு பெரியவர் யாரோடும் சண்டை போடாதவர். வாடகை ஒன்றாம் தேதி, கூடுதல் அவகாசம் ஐந்து நாள். அவருடைய சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்) பணமோ மாதத்தின் மூன்றாவது புதன்கிழமைதான் வரும். "ஒவ்வொரு தடவையும் கட்டிட்டேனே சார்" என்று ரசீதுகளை மேசையில் பரப்பினார். நான்காவது தடவை ரசீது உதவவில்லை. பெயர்தான் மொபைல் ஹோம், பழைய வீட்டை நகர்த்த முடியாது. 1976-க்கு முந்தையது என்றால் ஏற்றுக்கொள்ளும் பார்க் கிடைப்பதே அரிது. கடைசியில் இடத்தை வைத்திருப்பவன் சொன்ன விலைக்கே வீடு போனது.

அதனால் மூன்று நாள் முடியுமுன் முழுத்தொகையையும் கேஷியர்ஸ் செக்காக (வங்கியே பொறுப்பேற்றுத் தரும் செக்காக) கொடுத்து ரசீது வாங்குங்கள். மற்ற மூன்று வீட்டாரின் கணக்கு அவரவருக்கு. அவர்களுக்காக நீங்கள் மூன்றாவது நோட்டீஸ் வாங்க வேண்டாம். அதையும் மீறி நான்காவது தவறு நேர்ந்துவிட்டால், நியாயம் பேசிக்கொண்டிராமல் சமரசத்துக்குப் போங்கள். வீடு இருந்த இடத்திலேயே இருக்க, வெளியாளுக்கு விற்றுக்கொள்ளச் சில மாத அவகாசம் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.