தேள் ஈ: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

ஜெர்மனியில் எங்கள் வீட்டு வேலியோரம் எடுத்த தேள் ஈயின் படத்தைப் போட்டதிலிருந்து கேள்விகள் குவிந்துவிட்டன. இந்தப் பூச்சியைப் பல கோடைகளாகப் பார்த்து வருகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கே: அக்கா, வால் நுனியில் தேள் கொடுக்கு மாதிரியே இருக்கிறதே. கொட்டுமா?

கொட்டாது. அது கொடுக்கே இல்லை, ஆணின் இனப்பெருக்க உறுப்பு. பெண்ணைப் பிடித்துக்கொள்ள நுனியில் இடுக்கி உண்டு. ஊசியும் கிடையாது, விஷமும் கிடையாது. பெண்ணுக்கு வால் கூம்பி முடிந்துவிடும். தயவுசெய்து அடிக்காதீர்கள்.

கே: என்ன சாப்பிடும்?

முதலில் முகத்தைப் பாருங்கள். கண்ணுக்குக் கீழே அலகு போல நீண்டிருக்கும், கடிக்கிற தாடை அதன் நுனியில் இருக்கும். செத்த பூச்சியும் சாகக் கிடக்கிற பூச்சியும்தான் முக்கிய உணவு. சிலந்தி வலையிலிருந்து திருடவும் செய்யும். போன ஜூனில் முள்புதருக்குள் ஒரு வலை. நூல் சுற்றி வைத்த ஈ ஒன்று நடுவில் தொங்கியது. தேள் ஈ ஓரத்திலிருந்து ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து நடந்து போய், அந்தப் பொட்டலத்துக்குள் அலகை நுழைத்து நின்று தின்றது. சிலந்தி இரண்டு முறை கிட்டே வந்து திரும்பிப் போனது. எப்போதும் தப்பிக்கும் என்று நினைக்க வேண்டாம். வலையில் மாட்டிச் சாகிற தேள் ஈக்களும் நிறைய.

கே: சமையலறையில் ஒன்று பறக்கிறது. நீளமான கால், இரண்டே இறக்கை.

அது வேறு. தேள் ஈக்கு நான்கு இறக்கை. பெயரில்தான் ஈ.

கே: ஆண் பரிசு கொடுத்துத்தான் சேருமாமே, உண்மையா?

உண்மை. எனக்குப் பிடித்த கேள்வியும் இதுதான். ஆண் ஒரு செத்த பூச்சியைக் காவல் காத்துப் பெண்ணுக்குக் கொடுக்கும். இல்லையென்றால் தன் எச்சிலையே இலைமேல் உருண்டையாக உமிழ்ந்து வைக்கும். இறுகிப்போன அந்த உருண்டையைப் பெண் தின்றுகொண்டிருக்க, சேர்க்கை தொடரும். உருண்டை கூடக்கூட நேரமும் கூடும். நன்றாகத் தின்று வளர்ந்த ஆணால்தான் நிறைய உமிழ முடியும். பரிசு எதுவும் இல்லாத ஆண், முதுகிலுள்ள ஒரு பிடியால் பெண்ணின் இறக்கையைக் கவ்வி வலுக்கட்டாயமாகச் சேர்வதும் உண்டு.

வட அமெரிக்காவில் தொங்கு ஈ என்று ஒரு உறவுக்காரப் பூச்சி இருக்கிறது. முன்காலால் தொங்கிக்கொண்டு பின்காலால் இரை பிடிக்கும். அதில் சில ஆண்கள் பெண் போல நடந்துகொண்டு, இன்னொரு ஆண் நீட்டும் பரிசைப் பறித்துக்கொள்ளும். 1970களில் ராண்டி தார்ன்ஹில் என்ற அமெரிக்கப் பூச்சி ஆய்வாளர் இதைக் கவனித்து எழுதினார்.

கே: படம் அனுப்பியிருக்கிறேன். பிள்ளை தோட்டத்தில் விளையாடுகிறாள், கொட்டிவிடுமா?

முதல் பதிலைப் படியுங்கள். கொட்டாது. படத்தில் இருப்பது பெண், அதற்கு அந்த வாலே இல்லை.

கே: தெள்ளுப்பூச்சியும் இதன் இனம் என்கிறார்களே? தெள்ளு தனி வரிசை (பூச்சிகளின் ஒரு பெரும்பிரிவு) என்றுதான் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறேன்.

டீச்சர், பாடப்புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் 2002இலேயே ஒரு மரபணு ஆய்வு தெள்ளைத் தேள் ஈக்களின் வரிசைக்குள் கொண்டுவந்து, பனித் தேள் ஈக்குப் பக்கத்தில் வைத்தது. 2020இல் வந்த இன்னொன்று, தெற்கு அரைக்கோளத்தில் நீரில் புழுவாக வளரும் நானோகோரிஸ்டிட் என்ற தேள் ஈக் குடும்பத்தின் பக்கத்தில் வைத்தது.

கே: (இன்னொருவர்) இறக்கையே இல்லாமல் ரத்தம் குடிப்பது எப்படி அதே இனமாகும்?

இறக்கை பெரிய தடை இல்லை. பனித் தேள் ஈக்கும் பறக்க முடியாது. இறக்கை சுருங்கிப்போய், குளிர்காலத்தில் பனிமேல் குதித்துத் திரியும். பாசிதான் அதன் உணவு. ஒரே வரிசைக்குள் பிணம் தின்பதும், இரை பிடிப்பதும், பாசி மேய்வதும் இருக்கும்போது ரத்தம் குடிப்பது ஒன்று இருக்கக் கூடாதா?

கே: (டீச்சர்) இரண்டு ஆய்வும் இரண்டு இடத்தில் வைக்கின்றன. எதை நம்புவது?

எந்தக் கிளை என்பதில்தான் அவை வேறுபடுகின்றன. தேள் ஈக்களுக்குள்தான் என்பதில் இரண்டும் ஒன்று. ஏற்காத ஆய்வாளர்களும் இருக்கிறார்கள், சண்டை முடியவில்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால், தனி வரிசை என்று அடித்துச் சொல்லாமல் இந்தச் சண்டையையே வகுப்பில் சொல்வேன். பிள்ளைகள் கொட்டாவி விட மாட்டார்கள்.

கே: ஸ்ப்ரே அடிக்கலாமா?

வேண்டாம். செடியை நாசம் செய்கிற பூச்சி இல்லை இது. இதன் புழுவும் மண்ணில் செத்த பூச்சிகளைத்தான் தின்னும். 2018இல் ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மூன்றும் சேர்ந்து ஆண்டின் பூச்சியாகத் தேர்ந்தெடுத்தது இதைத்தான்.

கே: கொட்டினால் என்ன மருந்து?

கொட்டாது.

கே: எங்கே, எப்போது பார்க்கலாம்?

மே முதல் செப்டம்பர் வரை. ஈரமான நிழல் வேலி, முள்பெர்ரிப் புதர், காஞ்சொறி மாதிரி சுணைச் செடிகள். அதிக தூரம் பறக்காது. விரட்டினால் இரண்டு இலை தள்ளி உட்காரும், அங்கேயே நில்லுங்கள்.